சம்பந்திக்குப் பெரிய கோயில் காட்டிய நாள்

தஞ்சாவூர் எனக்குத் தெரிந்த ஊர் என்று என் சம்பந்தி அம்மா எப்படித்தான் முடிவு செய்தாரோ தெரியவில்லை. பூதலூரில் ரயில் ஏறினால் உட்கார இடம் தேடுவதற்குள் வந்துவிடுகிற ஊர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியாஸ்பத்திரி, உரக்கடை, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க நிற்கிற வரிசை, அவ்வளவுதான். பெரிய கோயிலுக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஊரை நான் ஒருவருக்குச் சுற்றிக் காட்ட வேண்டுமாம், அதுவும் ஐப்பசி மழையில்.

நாகப்பட்டினத்திலிருந்து அவர் போன் செய்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவித்து வைத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் கொட்டியவர்களின் நெல்லே இன்னும் எடை போட்டு முடியவில்லை. வெயில் வந்தால் தார்ப்பாயை விலக்கிக் காய வைப்பதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூடுவதுமாக நானும் என் கணவரும் மாறி மாறிக் காவல் கிடந்தோம். ஈரம் கூடிப்போனால் எடுக்க மாட்டார்கள். நனைந்து முளை விட்டுவிட்டால் மாடு தின்னத்தான் ஆகும். என் மாமனார் பிறத்தியார் வயலில் ஆளாக நின்றே செத்தவர். சொந்த நிலம் என்று ஒன்றைக் கண்டது எங்கள் காலத்தில்தான். எங்கள் வருஷம் முழுவதும் அந்தக் குவியலில் கிடந்தது.

சம்பந்தி அம்மாவுக்கோ ஒரே குஷி. "புயல் சின்னமாம் சம்பந்தி, கடலுக்குப் போவக்கூடாதுன்னுட்டாங்க. போட்டெல்லாம் கரையில கெடக்கு. மீன் வரலன்னா எனக்கு என்னா வேல? பெரிய கோயில பாக்கணும்னு எத்தன வருசமா நெனச்சிக்கிட்டே இருக்கேன். நாளைக்குக் கெளம்பி வந்துடறேன், நீங்களும் வந்துடுங்க. கல்யாணத்துல ஒக்காந்து பேசக்கூட முடியல" என்றார். உங்களுக்கு லீவு விட்ட மழைதான் எங்கள் குடியைக் கெடுக்கப் பார்க்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. விழுங்கிக்கொண்டு, "ஓ, வாங்க வாங்க" என்றேன்.

சம்பந்தி வீட்டாரிடம் கஷ்டம் பேசக்கூடாது. பெண்ணைக் கொடுத்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் அப்படித்தான். பேசினால், 'ஒண்ணுமில்லாத வீட்டுல எடுத்துட்டோம்' என்று ஒரு சொல் என்றைக்காவது நம் பெண் காதில் விழும். அவள் அங்கே சோற்றுத் தட்டின் முன்னால் தலைகுனிந்து உட்கார வேண்டிவரும். என் பெண்ணுடையது காதல் கல்யாணம் வேறு. நர்சிங் படித்த இடத்தில் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கடலோரம், நாங்கள் வயலோரம். இரண்டு பக்கமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆவணியில் தாலி கட்டச் சம்மதித்தோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் போய் என் நெல் நனைகிறது என்று ஒப்பாரி வைப்பேனா?

"நீ போ, வானம் வெளுத்துக்கிட்டுத்தான் இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றார் என் கணவர். "அவங்ககிட்ட நெல்லுப் பேச்சே எடுக்காத, ஆமா." அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவரிடமும் ஒரு கத்துக் கத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் சம்பந்தி அம்மா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். ஆள் நல்ல உயரம், தொண்டை அதைவிட உயரம். "சம்பந்தீ!" என்று அவர் கூப்பிட்டதில் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில் ஒரு பை. எனக்காகக் கருவாடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அதுவும் பெரிய கோயிலுக்கு! எத்தனை கவர் போட்டுச் சுற்றினாலும் கருவாடு தான் கருவாடு என்று சொல்லாமல் இருக்குமா? ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். "எதுக்கு? மீன்கூடைய தலையில வச்சிக்கிட்டுத் தெருத்தெருவா நடக்கறவ நான். நடந்தாத்தான் ஊரு தெரியும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரே குடைதான் இருந்தது, என்னுடையது.

புது ஆற்றுப் பாலம் வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. ஆற்றில் கலங்கல் தண்ணீர் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேற்கே பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் வானம் அடுப்புச் சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. சம்பந்தி அம்மா கோபுரம் தெரிகிறது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்.

செருப்பு விடுகிற இடத்தில் இருந்தவர் பையை மோந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்று முகத்தைச் சுளித்தார். "எங்க ஊரு வாசனப்பா, ஒனக்கும் ரெண்டு தரட்டா?" என்றார் சம்பந்தி அம்மா. அந்த ஆள் சிரித்துவிட்டு வாங்கி ஓரமாக வைத்தார். எனக்கு மானம் போயிற்று.

உள்ளே போனதும் மழை வலுத்துவிட்டது. கல்தரை முழுக்கத் தண்ணீர். வெறுங்காலில் வழுக்கி வழுக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். நந்திக்கு மேல் மண்டபம் இருந்தது, அது நனையாமல் உட்கார்ந்திருந்தது. சம்பந்தி அம்மா அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, அது மழையா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்து என்ன தோன்றியது தெரியுமா? இதை மூட எவ்வளவு பெரிய தார்ப்பாய் வேண்டும் என்று தோன்றியது. கடவுளே, என் புத்தியை என்னவென்று சொல்ல.

அப்போதுதான் முதல் போன் வந்தது. மண்டபத்துத் தூண் மறைவுக்குப் போய் எடுத்தேன். என் கணவர் குரலுக்குப் பின்னால் மழை இரைந்தது. "இங்க பேயா ஊத்துது. காத்துல தார்ப்பாய் நடுவுல கிழிஞ்சிடுச்சு. நம்ம பக்கம் கடையில ஒண்ணும் இல்லங்கறான். நீ தஞ்சாவூர்லதான இருக்க, பெரிய தார்ப்பாயா ஒண்ணு வாங்கிக்கிட்டு ஒடனே பஸ் ஏறு" என்றார். சரி சரி என்று வைத்துவிட்டுத் திரும்பினால் சம்பந்தி அம்மா பின்னால் நிற்கிறார்.

"என்னா சம்பந்தி, ஐயாவா? ஏதும் அவசரமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. பீரோ சாவிய எங்க வச்சேன்னு கேக்கறாரு. ஆம்பளைங்களுக்கு எது கண்ணுல படும், சொல்லுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்.

அவரும் சிரித்தார். சீக்கிரமாகச் சுற்றிக் காட்டி ரயில் ஏற்றிவிட்டால் கடைக்கு ஓடிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அவரா சீக்கிரம் கிளம்புகிறவர்? ஒவ்வொரு லிங்கத்துக்கும் நின்றார். வெளியே வந்து செருப்பையும் கருவாட்டுப் பையையும் வாங்கிக்கொண்டதும் டீ குடிக்கலாம் என்றார். தெற்கு வீதியில் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்று குடித்தோம்.

அங்கேதான் அவர் மனசைத் திறந்து பேசினார். அவர் கணவர் போட்டில் விழுந்து தோள்பட்டை போனதிலிருந்து கடலுக்குப் போவதில்லையாம். வெளியே யாருக்கும் சொல்லவில்லை, நீங்கள் நம் மனுஷி, அதனால் சொல்கிறேன் என்றார். இன்ஜின் பழுதாகி ஒரு பருவமே போனதைச் சொன்னார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ரெண்டாவதா ஒரு பொண்ணு இருந்திச்சு. சுனாமியில கையிலேருந்து நழுவிடுச்சு. இருந்தா ஒங்க மவ வயசுதான். ஒங்க மவ வீட்டுக்குள்ள நடக்கறப்ப கொலுசு சத்தம் கேட்டா எனக்கு வேலயே ஓடாது சம்பந்தி" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்த கையில் என் போன் அதிர்ந்தது. என் கணவர். நான் கட் பண்ணினேன். மறுபடி வந்தது, மறுபடி கட் பண்ணினேன். மூன்றாவது தடவை சத்தமே வராமல் அமுக்கிப் பைக்குள் போட்டுவிட்டேன். தன் செத்த குழந்தையைப் பற்றிப் பேசுகிறவரின் முன்னால் நின்று தார்ப்பாய் பேசச் சொல்கிறீர்களா? பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அரண்மனைக்கு இப்படித்தான் என்று நான் திரும்பிய சந்து அரண்மனைக்குப் போகவில்லை. இன்னொரு சந்துக்குப் போனது, அதிலிருந்து ஒரு சாக்கடை ஓரத்துக்கு. முழங்கால் வரை சேலை நனைந்துவிட்டது. யாரிடமாவது வழி கேட்கலாம் என்றால் கௌரவம் விடவில்லை. ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறவள் வழி கேட்டால் சிரிக்க மாட்டாரா? சுற்றிச் சுற்றிக் கீழவாசல் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இதுவும் பாக்க வேண்டிய எடந்தான்" என்று வாய் கூசாமல் சொன்னேன். இவ்வளவு நேரத்துக்கும் சம்பந்தி அம்மா ஒரு தடவைகூட முகம் கோணவில்லை.

கடைத்தெருவில் அவருக்கு ஒரு போன் வந்தது. எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், ஒரு கடை ஓரமாக ஒதுங்கி, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசினார். மீன் வியாபாரமாக இருக்கும் என்று நினைத்தேன். பேசிவிட்டு வந்தவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலு கடை தள்ளி நடந்து, நின்றார்.

தார்ப்பாய்க் கடை. நீலமும் கறுப்புமாக மடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் நாலைந்து பேர், எல்லாரும் கிராமத்து ஆட்கள், தோளில் தூக்கிக்கொண்டு போனபடி இருந்தார்கள். சம்பந்தி அம்மா ஒரு பாயின் முனையை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு. ஒங்களுக்கு ஒண்ணு வேணுமா சம்பந்தி? அறுப்பு நேரமாச்சே. நெல்லெல்லாம் எங்க கெடக்கு?"

இதைவிட எப்படித்தான் கேட்பார்கள்? ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பெண்ணின் மாமியார் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார் என்பதுதான். என் மாமனார் கோவணத்தோடு நின்ற வரப்பு, கல்யாணத்தன்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் வீட்டுக்காரரின் வேட்டியை ஏற இறங்கப் பார்த்தது எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தது.

"நெல்லா? அத அப்பவே போட்டாச்சே சம்பந்தி. மழைக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. இந்த வருசம் ஒரு கவலையும் இல்ல" என்றேன். சிரிக்கவும் சிரித்தேன்.

அவர் பாயின் முனையை விட்டார். "அப்ப சரி" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, "நான் கெளம்பறேன் சம்பந்தி. கோயில பாத்தாச்சு, போதும். ஸ்டேஷனுக்கு வழி நான் கேட்டுக்கறேன். நீங்க ஒங்க வேலயப் பாருங்க" என்றார்.

நான் விட்டேனா? அங்கேதான் எங்கள் ஊர்க்காரப் புத்தி. முதல்முறையாக வந்த சம்பந்தியைப் பாதித் தெருவில் விட்டுவிட்டு வந்தாள் என்று பேர் வரலாமா? "அது எப்படிங்க? அரண்மனையப் பாக்காமப் போவீங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. இந்தத் தடவை கௌரவத்தை விட்டு ஒரு பூக்காரம்மாவிடம் வழி கேட்டு அரண்மனைக்கே கூட்டிப்போனேன். ஓதம் ஏறிய சுவர்கள், மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீர், கண்ணாடிக்குப் பின்னால் வெண்கலச் சாமிகள். ஒவ்வொரு சிலையாக நிறுத்திக் காட்டினேன். என்ன காட்டினேன் என்று இப்போது கேட்டால் ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது. சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன், ஸ்டேஷன் வரை போய் ரயிலில் உட்கார வைத்துக் கையாட்டினேன். அவர் ஜன்னல் வழியாக, "பாத்துப் போங்க சம்பந்தி" என்றார். ரயில் நகர்ந்ததும் ஓடினேன்.

கடையில் அடுக்கு இருந்த இடம் காலியாக இருந்தது. "பெருசெல்லாம் தீந்துபோச்சும்மா. இந்த மழைக்கு விட்டு வப்பாங்களா? காலையில வந்திருக்கக்கூடாது?" என்றார் கடைக்காரர். கிடைத்த சின்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே வயலும் ரோடும் ஒரே தண்ணீராகத் தெரிந்தது. மடியில் தார்ப்பாயும் கருவாடும் இருந்தன.

களத்தில் என் கணவர் கிழிசலின் மேல் படுத்துக் கிடந்தார். உண்மையாகவே படுத்துக் கிடந்தார், காற்றில் பாய் தூக்காமலிருக்க. உரச்சாக்கு, பழைய வேட்டி, என்னென்னவோ போட்டு மூடியிருந்தார். அதெல்லாம் எந்த மூலைக்கு? குவியலுக்கு அடியில் ஒரு பக்கமாகத் தண்ணீர் புகுந்து மறுபக்கமாக நெல்லை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பாயின் அளவைப் பார்த்துவிட்டு, "போட்டவரைக்கும் போடு" என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி அழுது தீர்த்திருப்பேன்.

மழை விட மாட்டேன் என்று பெய்தது. விட்டபோது குவியலுக்குள் கையை விட்டேன். சூடாக இருந்தது. இழுத்துப் பார்த்தால் நெல்மணியெல்லாம் வெள்ளையாக முளை விட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தது. மேலாக இருந்த கொஞ்சத்தை மட்டும் சலித்துத் தேற்றினோம். மற்றதை வாரிக் கொட்டினோம். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் களத்தில் இருந்த எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள், வானத்தைத் திட்டினேன், கொள்முதல் நிலையத்தைத் திட்டினேன், பெரிய கோயிலைக்கூடத் திட்டினேன்.

தலைதீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். குறையில்லாமல் செய்தோம், எப்படிச் செய்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நெல் என்ன ஆயிற்று என்று என் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை என்று நானும் சொல்லவில்லை.

தைப் பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு நாங்கள் நாகப்பட்டினம் போனோம். வரிசையில் வைத்த பச்சரிசி கடையில் வாங்கியது. வாசலில் வந்து தட்டை வாங்கிய என் பெண்ணைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, தட்டின் கனத்துக்கே கை நடுங்கியது. "என்னடி இப்படி ஆயிட்ட?" என்றால், "நைட் ட்யூட்டிம்மா" என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நேராகக் கொல்லைக்குப் போனேன். சம்பந்தி அம்மா அங்கே கரும்பை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணுக்கு என்ன?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மார்கழியில கலைஞ்சிடுச்சு சம்பந்தி. மூணாவது மாசம். ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. இப்பத்தான் எந்திரிச்சு நடக்குது."

முழுகாமல் இருந்ததே எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. "பெத்தவகிட்ட சொல்ல மாட்டீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு போன் போட ஒங்க வீட்டுல யாருக்கும் கை இல்லையா?" என்று கத்தினேன். அண்டை வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. அவர் நான் முடிக்கிற வரை நின்றார்.

"நெல்லு நனையுதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியும் சம்பந்தி. நீங்க போன எடுக்கலன்னு ஐயா ஒங்க மவளுக்குப் போட்டிருக்காரு. அது எனக்குப் போட்டுச்சு. நானா சொன்னா ஒங்க மொகம் வாடிப்போயிடும்னுதான் கடையில நின்னு கேட்டேன். நீங்க இல்லன்னீங்க. சரி, நாம போயிட்டாலாவது வாங்குவாங்கன்னு கெளம்பறேன்னு சொன்னேன். நீங்க அரண்மனைக்கு இழுத்துக்கிட்டுப் போனீங்க."

என் கணவர் மகளுக்குப் போன் போட்டதை அன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்குப் பழி தீர்த்தீங்களா, எம்பொண்ண வச்சு?" என்றேன்.

"ஐயோ, நான் சொல்லிடுவோம்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டே ஒங்களுக்குப் போட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள ஒங்க மவதான் என் கையிலேருந்து புடுங்கி வச்சிக்கிச்சு."

திரும்பினேன். என் பெண் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஏண்டி?" என்றேன்.

"நீ சொல்றதில்லையேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நம்ம வீட்டுல யாருமே சொல்றதில்லையே."

நான் அவள் பக்கத்தில் போவதற்குள், பொங்கல் பானையை எங்கே வைப்பது என்று தன் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு அவள் கொல்லைப்படியில் இறங்கிவிட்டாள்.